கார்ட்டூன் நாயகனுக்குக் காதலி கட்டாயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் அனிமேஷன் தொடர்கள் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அதிரடித் தொடர் என்றால் அதில் காதல் இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் வளர்ந்தவர்கள் பார்க்க மாட்டார்கள் என்று கட்டுரையாளர் எழுதியிருந்தார். அதற்கு மறுப்பாகப் புதன்கிழமை ஒரு வாசகர், பிள்ளைகள் பார்க்கிற தொடரில் காதல் தலையே காட்டக் கூடாது என்று எழுதினார். இரண்டு பேரோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நான் ஒரு அனிமேஷன் ஸ்டுடியோவில் ஸ்டோரிபோர்டு வரைகிறவள். எழுத்தாளர் தருகிற கதையை ஷாட் ஷாட்டாகப் பிரித்து, யார் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் பார்க்கிறார்கள், எத்தனை நொடி பார்க்கிறார்கள் என்று முதலில் வரைந்து காட்டுவது என் வேலை. ஒரு காதல் காட்சி தொடருக்குள் எப்படி நுழைகிறது, நுழையும்போது எதை வெளியே தள்ளுகிறது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்க்கிறேன். அதனால்தான் எழுதத் தோன்றியது.

காதல் வேண்டுமா வேண்டாமா என்று யார் கேட்டாலும் நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். அந்தக் காதலை எடுத்துவிட்டால் சண்டையின் போக்கு மாறுமா? மாறும் என்றால் அது கதைக்குள்ளேயே விளைந்தது, கை வைக்கக் கூடாது. மாறாது என்றால் யாரோ வெளியில் இருந்து கொண்டுவந்து ஒட்டியது.

இதற்கு எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம் 2005 முதல் 2008 வரை வந்த ‘அவதார்: தி லாஸ்ட் ஏர்பெண்டர்’. மொத்தம் 61 எபிசோட். நாயகன் ஆங் பன்னிரண்டு வயதுப் பையன், நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் ஆளக்கூடிய ‘அவதார்’ அவன்தான். கூடவே பயணம் செய்கிற தோழி கட்டாரா மீது அவனுக்கு முதலிலிருந்தே பிரியம். பல எபிசோடுகளில் அது ஒரு வெட்கச் சிரிப்போடு நின்றுவிடும். ஆனால் இரண்டாம் சீசன் முடிகிற இடத்தில் எழுத்தாளர்கள் அந்தப் பிரியத்தை எடுத்து நேராகக் கதையின் நடுவில் வைக்கிறார்கள். அவதாருக்குரிய முழுச் சக்தியையும் தன் கட்டுப்பாட்டுக்குக் கொண்டுவர அவன் ஏழு சக்கரங்களைத் திறக்க வேண்டும். குரு பதிக் ஒவ்வொன்றாகத் திறக்க வைக்கிறார். ஏழாவதில் நின்றுவிடுகிறது. உலகப் பற்றை விட வேண்டும் என்கிறார் குரு. அவன் பற்று என்பது கட்டாராதான். அவளை ஏன் விட வேண்டும், அன்பு வைத்தது குற்றமா என்று பையன் கேட்கிறான். நியாயமான கேள்வி. அவள் ஆபத்தில் இருப்பது போல ஒரு காட்சி மனதில் தோன்றியதும் பாதியிலேயே எழுந்து ஓடிவிடுகிறான். அப்புறம் பா சிங் சே நகரத்துக்குக் கீழே உள்ள குகையில், நாலு பக்கமும் எதிரிகள் சூழ்ந்தபின், அவளைப் பார்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கண்ணை மூடுகிறான். பற்று விடுகிறது, சக்தி எழுகிறது, அந்தக் கணத்திலேயே எதிரி நாட்டு இளவரசி அஸூலா அவனை மின்னலால் அடித்து வீழ்த்துகிறாள். தன்னிடம் இருந்த புனித நீரை வைத்துக் கட்டாரா அவனைப் பிழைக்க வைக்கிறாள்.

இந்தக் காதலைக் கதையிலிருந்து உருவிப் பாருங்கள். ஏழாம் சக்கரம் தடுக்காது. பையன் பாதியில் ஓடிவர மாட்டான். குகைக்குள் அவன் எடுக்கிற அந்த முடிவுக்கு எடையே இருக்காது. சீசனே சரிந்துவிடும். அதே தொடரின் கடைசிக் காட்சியில் இருவரும் முத்தமிட்டுக்கொள்வதை எடுத்துப் பாருங்கள், ஒன்றும் ஆகாது. போர் முடிந்தது, அஸூலாவின் அண்ணன் ஸூக்கோ அரியணை ஏறிவிட்டான், கதை நிறைந்துவிட்டது. ஒரே ஜோடி, ஒரே தொடர், ஆனால் ஒரு காட்சி தூண், இன்னொன்று தோரணம். தோரணம் கூடாது என்று நான் சொல்லவில்லை. ‘காதல் இருக்கிறதா, டிக் போடு’ என்று கட்டுரையாளர் போல எண்ணிக்கொண்டு போனால் இந்த வித்தியாசம் கண்ணில் படாமலே போகும்.

சரி, ஒட்டவைக்கிற வேலை ஏன் இவ்வளவு நடக்கிறது? அதற்குத் தொழில் சார்ந்த ஒரு காரணம் இருக்கிறது, வெளியே அதிகம் பேசப்படுவதில்லை. திரையில் ஒரு நொடிக்கு 24 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு வைத்தால்கூட நொடிக்குப் 12 படம் வரைய வேண்டும். இரண்டு பேர் வாளோடு மோதினால் ஒவ்வொரு படத்திலும் கை, கால், உடை, முடி எல்லாம் நகரும். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றால் முகம் ஒரே படம், கண் இமைத்தால் போதும், முடி கொஞ்சம் காற்றில் ஆடினால் போதும். ஒரே படத்தின் மேல் கேமராவை மெதுவாக நகர்த்தி, பின்னால் இசையைப் போட்டால் பத்து நொடி ஓடிவிடும். பட்ஜெட் இறுகும்போது, கெடு நெருங்கும்போது, இப்படிப்பட்ட காட்சிகள் எல்லாருக்கும் வசதியாகிவிடுகின்றன. நான் அவற்றைக் குறை சொல்ல மாட்டேன், பார்வை ஒன்றிலேயே பெரிய விஷயத்தைச் சொல்லிவிடும் ஷாட்டுகளும் உண்டு. ஆனால் அரைமணி நேரத் தொடர் என்றால் விளம்பரம் போகக் கையில் இருப்பது சுமார் 22 நிமிடம். அதில் ஒருவர் பெருமூச்சு விடுகிற ஒவ்வொரு நிமிடமும் வேறு ஏதோ ஒரு காட்சியிலிருந்து எடுத்ததுதான்.

நாங்கள் வேலை செய்த ஒரு தொடரில் இது நடந்தது. பெயர் வேண்டாம். மலைக் கணவாய் ஒன்றைக் காக்கிற சிறுவர் குழுவின் கதை. அதில் ஒரு பெண், வரைபடம் படிக்கத் தெரிந்தவள். குழுவில் அவளைத் தவிர யாருக்கும் அது தெரியாது. தலைவன் துணிச்சல்காரன், வழி தெரியாதவன். பாலத்தைக் கடப்பதா, ஆற்றோடு சுற்றிப் போவதா என்று இருவருக்கும் ஒரு வாக்குவாதம். அவள் சுற்றிப் போகலாம் என்கிறாள், அவன் கேட்கவில்லை, பாலம் அறுந்து குழு இரண்டாகப் பிரிகிறது. நான் ஆசையாக வரைந்த காட்சி அது. அனிமேட்டிக்கை, அதாவது ஸ்டோரிபோர்டு படங்களை வரிசையாக ஓடவிட்ட முன்னோட்டத்தைப் பார்த்துவிட்டு, வேலை கொடுத்த நிறுவனத்திலிருந்து ஒரு குறிப்பு வந்தது: ‘இந்தப் பெண்ணுக்கும் தலைவனுக்கும் ஒரு லவ் ட்ராக் கொடுங்கள்.’ நேரத்தைக் கூட்ட முடியாது. எனவே வாக்குவாதம் போனது. அவள் கையில் இருந்த வரைபடம் ஒரு கிழவரின் கைக்கு மாறியது. அவளுக்கு மிஞ்சியது பாலத்தின் இந்தப் பக்கம் நின்றுகொண்டு அவன் பெயரைச் சொல்லிக் கத்துகிற ஒரு ஷாட். அதையும் நான்தான் வரைந்தேன்.

எனக்கு இன்றைக்கும் ஆறாதது இதுதான். காதல் சேர்ந்ததால் அந்தப் பெண் பெரியவள் ஆகவில்லை, சிறுத்துப்போனாள். ஒரு குழுவில் பெண் பாத்திரம் ஒருத்தி மட்டும் இருந்து, அவளையும் காதலுக்கென்று ஒதுக்கிவிட்டால், அப்புறம் அவள் அறிவு, கோபம், பயம், தப்பு, எதற்கும் இடமில்லை. கட்டாரா இப்படி ஆகவில்லை. அவள் ஆங்கின் காதலி ஆவதற்கு முன்னால் நீரை ஆளக் கற்றவள், பெண்களுக்குச் சண்டை சொல்லித்தர மாட்டேன் என்ற ஆசானோடு மோதியவள், தாயைக் கொன்றவனைத் தேடிப் போனவள். காதல் அவள் கதையில் ஒரு அத்தியாயம், அவ்வளவே.

கட்டுரையாளர் தன் வாதத்துக்கு ‘அவதார்’ கதையின் அடுத்த தொடரான ‘தி லெஜண்ட் ஆஃப் கோரா’வைத் துணைக்கு அழைத்திருந்தார். எனக்கு அது எதிர்ச் சாட்சியாகத்தான் படுகிறது. 2012இல் வந்த முதல் சீசன் வெறும் 12 எபிசோட். எடுத்துக்கொண்ட விஷயமோ மிகப் பெரியது. நீரையும் நெருப்பையும் மண்ணையும் ஆளத் தெரிந்தவர்களுக்கு எதிராக, அந்தச் சக்தி இல்லாத சாதாரண மக்கள் ஒரு நகரத்தில் திரள்கிறார்கள். முகமூடி போட்ட ஏமான் அவர்களின் தலைவன். சக்தி உள்ளவர்களிடமிருந்து அதைப் பறித்துவிடுகிறவன். அவன் பேச்சில் நியாயம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவர்கள் குழம்ப வேண்டிய கதை. அதற்கு நடுவே நாயகி கோரா, அவள் நண்பர்கள் மாக்கோ, அசாமி, போலின் என்று யார் யாரை விரும்புகிறார்கள் என்ற சுற்று. ஐந்தாம் எபிசோட் கிட்டத்தட்ட முழுக்க அதற்கே போனது. அந்த நேரத்தில் சக்தி இல்லாத ஒரு குடும்பத்தின் வீட்டுக்குள் நம்மை அழைத்துப் போயிருக்கலாம். போகவில்லை. கடைசியில் ஏமானே சக்தி உள்ளவன்தான் என்று தெரியவந்து, அந்த மக்களின் கோபத்துக்குப் பதிலே சொல்லாமல் சீசன் முடிந்துவிட்டது.

அதே தொடரின் நான்காம் சீசனில் கோராவும் அசாமியும் நெருங்குவதை நான் ஒட்டவைத்தது என்று சொல்ல மாட்டேன். விஷம் ஏறி நடக்க முடியாமல் சக்கர நாற்காலியில் கிடந்த கோராவுக்குப் பக்கத்தில் நின்றவள் அசாமி. மூன்று வருடம் எல்லோரையும் விட்டு ஒதுங்கியிருந்த காலத்தில் கோரா கடிதம் எழுதியது அவள் ஒருத்திக்குத்தான். 2014 டிசம்பரில் வந்த கடைசிக் காட்சியில் இருவரும் கைகோத்து நடந்தபோது, திடீரென்று வந்தது என்று சிலர் சொன்னார்கள். அந்தக் கடிதத்தைக் கவனித்தவர்களுக்குத் திடீரென்று இல்லை. இங்கே சண்டை எதுவும் இந்த உறவால் மாறவில்லை என்பது உண்மை. ஆனால் உடைந்துபோன ஒருத்தி எழுந்து வருவதுதான் அந்த சீசனின் கதையே. அதனால் என் கேள்வியை இங்கே கொஞ்சம் தளர்த்திக்கொள்கிறேன்.

புதன்கிழமை எழுதிய வாசகருக்கு வருகிறேன். பிள்ளைகளுக்குக் காதல் புரியாது, புரியவும் கூடாது என்கிறார். 1992இல் ‘பேட்மேன்: தி அனிமேட்டட் சீரீஸ்’ தொடரில் ‘ஹார்ட் ஆஃப் ஐஸ்’ என்று ஒரு எபிசோட் வந்தது. அதற்கு முன் காமிக்ஸில் மிஸ்டர் ஃப்ரீஸ் பனித் துப்பாக்கி வைத்திருக்கிற சாதாரண வில்லன். எழுத்தாளர் பால் டினி அவனுக்கு நோரா என்று ஒரு மனைவியைக் கொடுத்தார். தீராத நோய். அவளை உறைநிலையில் காப்பாற்றி வைத்து மருந்து தேடுகிறான் கணவன். செலவு அதிகம் என்று அவன் வேலை பார்க்கிற கம்பெனியின் முதலாளி அந்த ஆராய்ச்சியை நிறுத்துகிறான், நடந்த தள்ளுமுள்ளில் இவன் ரசாயனத்தில் விழுந்து, குளிருக்கு வெளியே உயிர்வாழ முடியாதவன் ஆகிறான். எபிசோட் முடியும்போது சிறையறையில், ஒரு சின்னக் கண்ணாடிக் கூட்டுக்குள் நடனமாடும் பெண் பொம்மையைப் பார்த்து மன்னிப்புக் கேட்கிறான். முத்தம் இல்லை, டூயட் இல்லை, நோரா ஒரு வசனம்கூடப் பேசுவதில்லை. அவ்வளவும் 22 நிமிடத்துக்குள். அந்த எழுத்துக்கு எம்மி விருது கிடைத்தது. பத்து வயதுப் பிள்ளைகளுக்கு அது புரிந்தது. எனக்கு நன்றாகவே தெரியும், அப்படிப் பார்த்த பிள்ளைகளில் நானும் ஒருத்தி. கெட்டவன் அழும்போது நானும் அழுதேன். சண்டைத் தொடர் வரைகிற வேலைக்கு நான் வந்ததற்கு அந்த எபிசோடும் ஒரு காரணம்.

அடுத்த வருடமே அதே குழு ‘மாஸ்க் ஆஃப் தி ஃபேண்டஸம்’ என்று திரைப்படம் எடுத்தது. இளைஞன் புரூஸ் வெய்ன், பெற்றோரின் கல்லறை முன்னால் மழையில் மண்டியிட்டுக் கெஞ்சுகிறான். குற்றத்தை எதிர்த்துப் போராடுவேன் என்று அவர்களுக்குக் கொடுத்த வாக்கிலிருந்து தன்னை விடுவிக்கச் சொல்கிறான். காரணம், ஒரு பெண்ணால் அவன் வாழ்க்கையில் முதல் தடவையாகச் சந்தோஷம் வந்துவிட்டது. சந்தோஷமாக இருப்போம் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை. அப்புறம் அந்தப் பெண் மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டுப் போய்விடுகிறாள், இவன் முகமூடியை எடுத்து மாட்டுகிறான். இந்தக் காதல் நிலைத்திருந்தால் பேட்மேனே கிடையாது. அதிரடிக் கதையில் ஒரு காதலுக்கு இதைவிடப் பெரிய வேலை கொடுக்க முடியுமா என்று தெரியவில்லை.

அதற்காக எல்லாக் கதைக்கும் இதே அச்சு வேண்டாம். தமிழில் டப்பிங் ஆகி ஒரு தலைமுறையே விழுந்து விழுந்து பார்த்த ‘ஜாக்கி சான் சாகசங்கள்’ நினைவிருக்கும். 95 எபிசோட். ஜாக்கிக்கு ஒரு நிலையான காதலி தேவைப்பட்டதா? சொன்ன பேச்சுக் கேட்காத ஜேட், எப்போதும் திட்டிக்கொண்டே இருக்கிற அங்கிள், வில்லனின் அடியாளாக வந்து அங்கிளின் சீடனாக மாறிய டோரு. ஜாக்கியோடு சேர்த்து இந்த நாலு பேர் ஒரே வீட்டில் இருப்பதே போதும். டோரு மாறியதைத்தான் நான் அந்தத் தொடரின் பெரிய கதை என்பேன். அதற்கு நேரம் கிடைத்தது, ஏனென்றால் யாரும் லவ் ட்ராக் கேட்டு அந்த நேரத்தைப் பிடுங்கவில்லை. ‘டீமன் ஸ்லேயர்’ தொடரும் அப்படித்தான். அரக்கியாக மாறிவிட்ட தங்கையைப் பெட்டிக்குள் வைத்து முதுகில் சுமந்துகொண்டு சண்டைக்குப் போகிற அண்ணன். முதுகில் அந்தப் பெட்டி இருப்பதால் அவன் எப்படித் திரும்புகிறான், எப்போது அதை இறக்கி வைக்கிறான் என்பதெல்லாம் மாறுகிறது. ஒரு உறவு சண்டையின் அசைவையே மாற்றுகிறது. அந்தக் கதையின் தொடர்ச்சியாக 2020இல் வந்த திரைப்படம் ஜப்பானின் வசூல் சாதனையை முறியடித்தது. பெரியவர்கள் வராமல் அந்த வசூல் வந்திருக்காது.

காதல் வேண்டும், ஆனால் நேரமில்லை என்கிற தொடர்களுக்கும் வழி இருக்கிறது. ‘டிராகன் பால் ஸீ’யில் வெஜிட்டாவும் புல்மாவும் எப்போது சேர்ந்தார்கள்? திரையில் பார்க்கவே மாட்டோம். எதிர்காலத்திலிருந்து வந்த ட்ரங்ஸ் அவர்கள் மகன் என்று கதை நமக்குச் சொல்லிவிட்டு மேலே போய்விடுகிறது. ஆனால் பின்னால் ‘பூ’ என்கிற வில்லனை அழிக்க வெஜிட்டா தன் உயிரையே வெடிக்கச் செய்யும்போது மகனையும் மனைவியையும் நினைக்கிறான். தன்னைத் தவிர யாரையும் மதிக்காத ஒருவன் அப்படி நினைப்பதில் எல்லாம் வந்துவிட்டது. புல்மாவும் யாருக்காகவும் காத்து நிற்கிறவள் இல்லை, டிராகன் உருண்டைகளைத் தேடுகிற ரேடாரைக் கண்டுபிடித்து அந்தக் கதையையே தொடங்கி வைத்தவள்.

பார்க்கிறவர்களே ஜோடி சேர்த்துப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று எங்கள் எடிட்டர் தம்பி ஒருவர் என்னோடு வாதாடுவார். உண்மைதான், அந்த ஆசையை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ஆசையைக் கேட்டுக் கதை எழுத ஆரம்பித்தால் முடிவே கிடையாது. 2020இல் ‘சோட்டா பீம்’ தொடரின் பீமுக்கு வேறொருத்தியோடு கல்யாணம் ஆகிவிட்டது என்று ஒரு பேச்சு கிளம்பி, அவன் தோழி சுட்கிக்கு நியாயம் வேண்டும் என்று சமூக வலைத்தளங்களில் ஆயிரக்கணக்கானோர் எழுதினார்கள். இவர்கள் இன்னும் சிறு பிள்ளைகள், கல்யாணச் செய்தி பொய் என்று தயாரிப்பு நிறுவனமே அறிக்கை விட வேண்டியதாயிற்று. அந்த அறிக்கை எனக்குப் பிடித்திருந்தது. பலகாரமும் சண்டையுமாக ஓடுகிற பிள்ளைகளின் கதை அது. அப்படியே இருக்கட்டும்.

காதல் இல்லாவிட்டால் வளர்ந்தவர்கள் பார்க்க மாட்டார்கள் என்ற வாதத்துக்குக் கடைசியாக ஒரு பதில். ‘சாமுராய் ஜாக்’ 2001 முதல் 2004 வரை 52 எபிசோட் ஓடியது. ஜாக் தனி ஆள். பேசுவதே குறைவு. பெரியவர்கள் உட்கார்ந்து பார்த்தார்கள், எம்மியும் வந்தது. 2017இல் பெரியவர்களுக்கென்றே பத்து எபிசோடோடு திரும்பி வந்தபோதுதான் ஆஷி வந்தாள். வில்லன் அகூவின் மகள், ஜாக்கைக் கொல்ல வளர்க்கப்பட்டவள். யோசனை அபாரமானது. கடந்த காலத்துக்குப் போய் அகூவைக் கொன்றால் அவன் மகளும் இல்லாமல் போவாள், அதாவது வெற்றிக்கு விலை அவள்தான். என் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்குகிற காதல். ஆனால் கொலைகாரி தோழியாகி, தோழி காதலியாகி, காதலி மணமகளாகி, எல்லாம் சில எபிசோடுகளுக்குள் ஓடிவிட்டது. மரத்தடியில் ஜாக் தனியாக உட்கார்ந்திருக்கிற அந்த முடிவு உலுக்கியிருக்க வேண்டும், எனக்கு மனதைத் தொட்டதோடு நின்றுவிட்டது. இன்னும் நாலு எபிசோட் கொடுத்திருந்தால் கதையே வேறு.

ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். உங்கள் சனிக்கிழமை விமர்சனப் பகுதியில் ஒவ்வொரு தொடருக்கும் கதை, சண்டை, இசை, காதல் என்று நாலு வரி போட்டு நட்சத்திரம் கொடுக்கிறீர்கள். காதல் இல்லாத தொடருக்கு அந்த வரியில் நட்சத்திரமே இல்லாமல் போய், மொத்தமும் குறைந்துவிடுகிறது. அந்த வரியை ‘உறவுகள்’ என்று மாற்றிவிட்டால் அண்ணன் தங்கை, குரு சீடன், நண்பர்கள், காதலர்கள் எல்லாரும் அதற்குள் வந்துவிடுவார்கள். சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் அந்தக் கட்டத்தை வெட்டி எடுத்து எங்கள் மீட்டிங்குக்குக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகி,
ஸ்டோரிபோர்டு ஓவியர்